சரிந்த வளவில் ஒரு குடும்ப வீடு

(மூதூரில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சரிவான நிலத்திலே ஒரு குடும்பத்துக்கு வீடு வகுப்பது எங்ஙனம் என்பதைப் பற்றி இங்கே பேச நான் ஒப்புக்கொண்ட செய்தியைக் கேட்ட அன்பர் ஒருவர், வயலும் ஆறும் கடலும் ஒரே மட்டமாய்ப் பரந்து கிடக்கிற மூதூரிலே சரிவைத் தேடி எங்கே போகப் போகிறீர் என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலே நியாயம் இல்லாமல் இல்லை. கொட்டியாரக் குடாவின் தென்கரையிலே, மகாவலி கங்கை ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மலைநாட்டிலிருந்து சுமந்துவந்து இறக்கிய வண்டலின் அயலிலே அமைந்த ஊருக்கு, மலைநாட்டார் அறிந்த பொருளிலே சரிவு என்பது அபூர்வமான சங்கதிதான். ஆயினும் 100 அடி நீளமான ஒரு வளவிலே மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் இடையே ஓர் அடி வித்தியாசம் இருக்குமானால், அதை மனிதனுடைய கண் காணாவிட்டாலும், கார்த்திகை மார்கழியிலே வாடைக்காற்றோடு வந்து கொட்டுகிற மழைத்தண்ணீர் கண்டுகொள்ளும். கண்டுகொண்டதை உங்கள் குசினிக்குள்ளே வந்து தெரிவித்துவிட்டும் போகும்.

அன்றியும், மெய்யான சரிவுகளும் நமக்குத் தூரத்தில் இல்லை. ஜபல் நகர்ப் பக்கத்திலும் அறுபத்து நாலாம் கட்டைப் பக்கத்திலும் குன்றுகள் உண்டு. குடாவுக்கு அக்கரையிலே திருகோணமலைப் பட்டணத்து ஓர்ஸ் ஹில்லில் வளவு வாங்கியவர்களும், கண்டியிலோ பதுளையிலோ உத்தியோகம் பார்த்து அங்கேயே நிலம் எடுத்தவர்களும் இச்சபையிலே சிலராவது இருப்பீர்கள். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் தேதி கடல் எழுந்து வந்த பிறகு, வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள்ளே வீடு கட்டலாகாது என்று அரசாங்கம் முதலில் விதித்துப் பின்னர் தளர்த்தியது நினைவிருக்கும். விதி தளர்ந்தாலும் பயம் தளரவில்லை. முன்பு கல்லும் முள்ளும் என்று ஒருவரும் சீண்டாமல் கிடந்த மேட்டு நிலத்தை, இன்று விலை பேசிக் கேட்கிறார்கள். ஆகவே விஷயம் மூதூருக்குப் புறம்பானதன்று.

வீடு கட்ட நினைக்கிறவர் சாதாரணமாக என்ன செய்கிறார்? ஒரு தாளை எடுத்து மண்டபம் ஒன்று, அறை மூன்று, குசினி ஒன்று, முன்னுக்கு விறாந்தை என்று கட்டங்கட்டமாக வரைகிறார். தாள் மட்டமானது; ஆகையால் அவருடைய வீடும் மட்டமான வீடாகவே பிறக்கிறது. பிறகு அந்த மட்டமான வீட்டைச் சரிந்த நிலத்தின்மேல் உட்காரவைப்பதற்காக, மேற்பக்கத்தை வெட்டுவதும் கீழ்ப்பக்கத்தை நிரப்புவதுமாகச் செலவு தொடங்குகிறது. சரிந்த வளவிலே முதலில் நிர்ணயிக்க வேண்டியவை அறைகள் அல்ல. மேலேயிருந்து வரும் தண்ணீர் எவ்வழியாகப் போவது, நாளை இந்த வளவைப் பங்கிடும்போது மேலே இருப்பவர் யார், கீழே இருப்பவர் யார் என்னும் இரண்டு கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகே அறைகளுக்கு வரலாம் என்பது என் அபிப்பிராயம். இன்று நான் சொல்லப்போவதெல்லாம் இவ்விரண்டையும் பற்றியதுதான்.

நிலத்தை அறிவதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. மேசன்மாரிடம் இருக்கிற, உள்ளே தண்ணீர் தெரியக்கூடிய பிளாஸ்டிக் குழாய் போதும். அதிலே தண்ணீரை நிரப்பி, ஒருவர் ஒரு முனையை மேல் எல்லையிலே நாட்டிய கட்டையோடும், மற்றவர் மறுமுனையைக் கீழ் எல்லைக் கட்டையோடும் சேர்த்துப் பிடித்தால், இரு முனைகளிலும் தண்ணீர் சமமட்டத்திலே வந்து நிற்கும். அது அசைந்து அடங்கும்வரை பொறுத்திருந்து, நின்ற இடத்திலே இரு கட்டைகளிலும் பென்சிலால் கோடு இழுத்துக்கொள்ள வேண்டும். மேற்கட்டையிலே அந்தக் கோடு தரையிலிருந்து 1 அடி உயரத்திலும், கீழ்க்கட்டையிலே 5 அடி உயரத்திலும் இருக்குமானால், உங்கள் நிலத்தின் இறக்கம் 4 அடி. குழாயினுள்ளே ஒரு சிறு காற்றுக்குமிழ் தங்கியிருந்தாலும் கணக்குப் பொய்த்துவிடும். ஆகையால் பிடிப்பதற்கு முன்னர் குழாயை நீளமாகக் கிடத்தி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டிக்கொண்டு போய்க் குமிழை வெளியேற்றுகிற மேசனே அநுபவசாலி. இவ்வாறு வளவின் நான்கு மூலையிலும் நடுவிலும் அளந்துகொண்டால், ஒரே உயரமுள்ள இடங்களைக் கயிற்றால் இணைத்துப் பார்க்கலாம். அந்தக் கயிறு எந்தத் திசையில் ஓடுகிறதோ, அதுவே உங்கள் வீடு நீள வேண்டிய திசை.

இதற்குக் காரணம் எளிய கணக்கு. 10 அடிக்கு ஓர் அடி இறங்குகிற நிலத்திலே, சரிவின் போக்கிலே 40 அடி நீளமான வீட்டை வைத்தால், அதன் தலைக்கும் காலுக்கும் இடையே 4 அடி வித்தியாசம் வருகிறது. அரை அடிப் படியாக எட்டுப் படி. அதே வீட்டைக் குறுக்கே திருப்பி, சரிவின் போக்கிலே 20 அடி மாத்திரம் வரும்படி வைத்தால், வித்தியாசம் 2 அடிதான். நான்கு படியோடு காரியம் முடிந்துவிடும். நம்முடைய பக்கத்திலே இன்னொரு சௌகரியமும் உண்டு. குடா வடக்கே இருப்பதால், கரையை நோக்கிச் சரிகிற வளவு பெரும்பாலும் தெற்கே உயர்ந்து வடக்கே தாழும். அதிலே குறுக்காக நீண்ட வீடு கிழக்கு மேற்காக நீளும். காலை மாலை வெயில் குறுகிய சுவர்களில் மாத்திரம் விழும். நீண்ட முகம் கடற்காற்றைப் பெறும். தென்மேற்கு உயர்ந்து வடகிழக்கு தாழ்ந்திருக்க வேண்டும் என்று மனையடி சாஸ்திரக்காரர் சொல்வதும் இங்கே ஏறக்குறைய ஒத்துப்போகிறது. நிலம் மறுபக்கம் சரிகிற இடங்களிலே, சாஸ்திரத்துக்கு நிலத்தைச் சம்மதிக்கச் செய்வதற்காக டிப்பர் டிப்பராக மண் கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களோடு வாதாட நான் வரவில்லை. ஆனால் கொட்டிய மண் அமுங்குவதற்குச் சாஸ்திரம் எத்தனை மாரிகாலம் கொடுத்திருக்கிறது என்று மாத்திரம் விசாரித்துக்கொள்ளட்டும்.

கொட்டிய மண்ணைப் பற்றி இன்னும் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் சரிவிலே கட்டிய வீடுகளுக்கு வருகிற உபத்திரவத்திலே பெரும்பகுதி அதிலிருந்தே உற்பத்தியாகிறது. மேலே வெட்டிய மண்ணைக் கீழே நிரப்பி, பாதி வெட்டிய நிலத்திலும் பாதி நிரப்பிய நிலத்திலும் வீட்டை நிறுத்துவது வழக்கம். வெட்டிய பாதி இறுகிய பழைய மண்ணாகையால் அசையாது. நிரப்பிய பாதி ஒவ்வொரு மாரியிலும் கொஞ்சங்கொஞ்சமாக இறங்கும். இரண்டும் சந்திக்கிற இடத்திலே, பெரும்பாலும் மண்டபத்து நடுவிலே, தரையிலும் சுவரிலும் ஒரு வெடிப்பு ஓடும். சீமெந்து பூசி அதை மறைக்கலாம், நிறுத்த முடியாது. அத்திவாரம் எல்லாப் பக்கத்திலும் கை படாத பழைய மண்ணைத் தொடும்வரை இறங்க வேண்டும். சரிவுக்கேற்ப அத்திவாரத்தைப் படிபடியாக இறக்குவதற்குச் செலவு கூடும் என்பது மெய்யே, ஆனால் அது ஒரு முறை கொடுக்கிற செலவு.

தாங்குமதில் கட்டுகிறவர்கள் மண்ணின் பாரத்தை எண்ணிப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது பெரும்பாலும் தண்ணீரின் பாரத்துக்கே. மதிலின் பின்னே தண்ணீர் தேங்கினால், உயரம் இரு மடங்காகும்போது அது தள்ளுகிற பலம் நான்கு மடங்காகிறது. ஆகையால் 6 அடியில் ஒரே மதிலைக் காட்டிலும் 3 அடியில் இரண்டு மதில்கள், நடுவே போதிய தட்டு நிலம் விட்டுக் கட்டினால், பன்மடங்கு பத்திரம். மதிலிலே துளை விட்டு, துளைக்குப் பின்னாலே சல்லிக்கல் அடைத்திருக்க வேண்டும். துளை விட்டால் மதில் அழகு கெடும் என்று அதைப் பூசி அடைத்துவிட்ட ஒரு வீட்டை நான் அறிவேன். கீழ்ப்பக்கத்துக் குசினிச் சுவரிலே முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாக உப்புப் பூத்து, பூச்சு விரலாலே தொட்டால் உதிர்ந்தது. அரிசி மூடையைச் சுவரோரம் வைக்க முடியாமல் பலகை போட்டு நடுவிலே வைத்திருந்தார்கள். வெட்டிய கரைக்கும் வீட்டின் பின்சுவருக்கும் இடையே ஒரு மனிதர் தாராளமாக நடமாடக்கூடிய முற்றமும், அதிலே ஒரு கொங்கிறீற்றுக் கானும் விட்டிருந்தால் இவ்வளவும் நேர்ந்திராது.

மலைநாட்டிலே இத்தகைய அலட்சியத்துக்கு உயிரே விலையாகிறது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் தேதி கொஸ்லந்தை மீரியபெத்தையிலே தோட்டத் தொழிலாளர் லயன்கள் மண்ணுள்ளே புதைந்த கொடுமையை நாம் மறக்கவில்லை. அங்கே குடியிருந்தவர்கள் அந்த இடத்தைத் தாங்களாகத் தெரிந்தெடுத்தவர்கள் அல்லர். தெரிந்தெடுக்கும் பாக்கியம் உடைய நாம், மலைமாவட்டங்களிலே நிலம் எடுக்கும்போது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அநுமதி கேட்கப்படுவதை ஒரு கடதாசி உபத்திரவமாக எண்ணுதல் கூடாது.

இனி, சரிவைப் பகையாகக் கருதாமல் அதையே வீட்டின் லட்சணமாக்கிக்கொண்ட ஒரு திருஷ்டாந்தத்தைச் சொல்கிறேன். கண்டியிலே 1918ஆம் ஆண்டு பிறந்த மினெட் டி சில்வா என்னும் பெண்மணி, பம்பாயிலும் லண்டனிலும் கட்டடக்கலை பயின்று, 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவகத்தின் இணை அங்கத்தவராகத் தெரிவான முதலாவது ஆசியப் பெண் என்னும் கீர்த்தியோடு ஊர் திரும்பினார். அவர் கட்டிய முதல் வீடு, தம் பெற்றோரின் நண்பர்களான கருணாரத்ன தம்பதிகளுக்காகக் கண்டி மலைச்சரிவிலே 1951ஆம் ஆண்டளவில் நிறைவேறியது. கொங்கிறீற்றும் கண்ணாடிக் கட்டிகளும் அதிலே உண்டு. தும்பறைப் பாய் நெசவும், சுட்ட களிமண் ஓட்டுச் சித்திரமும், ஓவியர் ஜோர்ஜ் கீற் தீட்டிய சுவரோவியமும் உண்டு. நமக்கு முக்கியமானது அதுவன்று. நிலத்தைத் தரைமட்டமாக்கும் பிரயாசையிலே இறங்காமல், வீட்டின் தளங்களையே உயர்த்தியும் தாழ்த்தியும் பிரித்து, நிலத்தின் இறக்கத்தை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார். கதவடைத்துப் பிரிக்க வேண்டிய இடத்திலே இரண்டு படி பிரித்துவிடுகிறது. விருந்தினர் நிற்கிற மட்டமும் குடும்பத்தார் இருக்கிற மட்டமும் வேறாக இருந்தும், ஒன்றையொன்று பார்த்துக்கொண்டும் இருக்கலாம்.

அவரே பின்னர் கண்டிக்கு வடபுறத்திலே வட்டபுலுவ என்னுமிடத்தில் அரசாங்க ஊழியர்களுக்கான வீடமைப்புத் திட்டத்தை வகுத்தார். அது 1958இல் நிறைவுற்றது. இருநூறுக்கு மேற்பட்ட குடும்பங்கள், பல சமூகத்தவர்கள், சரிந்த நிலம். அவர் செய்தது இதுதான்: படம் வரைவதற்கு முன்னரே, குடிவரப் போகிறவர்களிடம் வினாத்தாள் கொடுத்து, வீட்டிலே எத்தனை பேர், எப்படிச் சமைக்கிறீர்கள், எவ்வளவு செலவிட இயலும் என்றெல்லாம் விசாரித்தார், அவ்விடைகளைக் கொண்டே சில மாதிரி வீடுகளை வகுத்து, அவற்றைக் குடும்பத்துக்குக் குடும்பம் மாற்றிக் கொடுத்தார். இன்றைக்கு லட்சக்கணக்கில் செலவிட்டுச் சொந்த வீடு கட்டுகிற நம்மிலே எத்தனை பேர் நம்முடைய வீட்டாரிடமே அந்த வினாக்களைக் கேட்டிருக்கிறோம்?

வட்டபுலுவவின் அடிவாரத்தைத் தழுவிக்கொண்டு ஓடுகிற மகாவலி, 335 கிலோமீற்றர் ஓட்டத்தை முடித்துக்கொண்டு நம்முடைய குடாவிலே வந்து கலக்கிறது. 1660இல் இந்தக் கொட்டியாரக் கரையிலே பிடிபட்டுக் கண்டி இராச்சியத்துக்குள்ளே கொண்டுபோகப்பட்ட ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ், அந்நாட்டுக் குடிகள் ஒரு தட்டுக்கு மேலே வீடு கட்டவும், ஓடு வேயவும், சுவருக்குச் சுண்ணாம்பு பூசவும் அரசன் இடங்கொடுப்பதில்லை என்று 1681இல் வெளியான தம் நூலிலே எழுதிவைத்தார். இன்று நமக்கு விதிக்க அரசன் இல்லை. பிரதேச சபையின் அநுமதி ஒன்றுதான். அந்தச் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு நாம் மாடி எழுப்புகிறோம், நிலத்தைப் பார்ப்பதில்லை.

வினாத்தாளைப் பற்றிச் சொன்னேன். கிழக்குக் கரையிலே அதன் முதல் வினா என்னவாக இருக்க வேண்டும்? இந்த வீட்டில் எத்தனை பெண்பிள்ளைகள் என்பதே. யாழ்ப்பாணத்தாருக்கும் கொழும்பாருக்கும் இது எப்படியோ, நம்முடைய பக்கத்திலே தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே கைக்கொள்ளுகிற வழக்கம், மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுப்பதும், மருமகன் அவ்வீட்டுக்கு வந்து குடியிருப்பதுமாகும். மூத்தவளுக்குக் கல்யாணமானால் தாய் தகப்பன் முன்வீட்டை விட்டுக் கொடுத்துப் பின்னாலே ஒரு சிறு வீட்டுக்குப் போகிறார்கள். அந்தச் சிறு வீடு காலக்கிரமத்திலே இளையவளுடைய சீதன வீடாக வளர்கிறது. ஆகையால் இங்கே ஒருவர் வீடு வகுக்கிறார் என்றால், அவர் மெய்யாக வகுப்பது முப்பது ஆண்டுக்குப் பின்னே இருக்கப்போகிற இரண்டு மூன்று வீடுகளை.

மட்டமான வளவிலே முன்வீடு பின்வீடு என்பது வாசலைப் பற்றிய பேச்சு மாத்திரம். சரிந்த வளவிலே அது மேல்வீடு கீழ்வீடு ஆகிவிடுகிறது. 80 அடி அகலமும் 120 அடி நீளமுமாக, தெருவை நோக்கிச் சரிகிற 35 பேர்ச் வளவொன்றை எண்ணிக்கொள்ளுங்கள். முதல் வீடு தெருவோரத்திலே, கீழே, அமைகிறது; அது மூத்தவளுக்கு. மேலே இளையவள். இளையவளுக்கு வழி வேண்டும். ஆகவே பக்கத்தெல்லையிலே 10 அடிப் பாதை விடுகிறார்கள். முதல் மாரியிலேயே அந்தப் பாதை வாய்க்காலாகி, மேல்வளவின் மண்ணையெல்லாம் மூத்தவளுடைய விறாந்தையிலே கொண்டுவந்து சேர்க்கிறது. மேல்வளவின் மலசலகூடக் குழி எங்கே அமையும்? அவ்வளவின் தாழ்ந்த பக்கத்திலே. கீழ்வளவின் கிணறு எங்கே இருக்கிறது? வீட்டுக்குப் பின்னாலே, அதாவது உயர்ந்த பக்கத்திலே. வேலிக்கு இப்புறமும் அப்புறமுமாக இரண்டும் சந்தித்துக்கொள்கின்றன. கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 50 அடியாவது வேண்டுமென்று சுகாதாரப் பரிசோதகர் சொல்கிறார். மணற்பாங்கான நிலத்திலே, குழி மேலேயும் கிணறு கீழேயுமாக இருந்தால், அந்த 50 அடியும் எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை.

மறைவைப் பற்றியும் யோசியுங்கள். 6 அடி வேலி எந்தப் பெண்பிள்ளைக்கும் போதிய மறைப்பென்று நினைக்கிறோம். கீழ்த்தரையிலே நாட்டிய 6 அடி வேலி, 4 அடி உயர்ந்த மேல்தரையிலே நிற்பவருக்கு 2 அடிதான். கிணற்றடியிலே குளிக்கிறவர்களும், குசினி முற்றத்திலே மீன் வெட்டுகிறவர்களும் மேல்வீட்டு மருமகனுடைய வாசலுக்கு முன்னே இருப்பவர்கள் போலாகிவிடுகிறார்கள். மைத்துனர்மார் முகங்கோணிக்கொள்வதற்குப் பெரிய காரணங்கள் வேண்டியதில்லை.

இவற்றுக்கெல்லாம் நான் காண்கிற பரிகாரம், வளவைக் குறுக்கே வெட்டாமல், சரிவின் போக்கிலேயே நெடுக்காக இரண்டாகப் பிரிப்பதாகும். 40 அடி அகலமும் 120 அடி நீளமுமாக இரண்டு கீற்று. ஒவ்வொன்றுக்கும் தெருவாசல் உண்டு. தலைமாட்டிலே கிணறு, நடுவே வீடு, கால்மாட்டிலே குழி என்னும் ஒழுங்கு இரு பங்கிலும் ஒன்றே. ஒருவர் தண்ணீர் மற்றவர் முற்றத்தால் போக வேண்டியதில்லை. வீடு குறுக்கே நீள வேண்டும் என்று முன்னர் சொன்னதற்கு இது முரணல்லவா என்று கேட்பீர்கள். முரண்தான். 40 அடிக் கீற்றிலே 32 அடிக்குமேல் வீடு நீளாது. ஆகவே அது 24 அடி ஆழமாவது போக வேண்டும். 10க்கு ஒன்று சரிவிலே 2 அடிக்குச் சற்று அதிகமான இறக்கம் வீட்டுக்குள்ளே வந்துவிடும். அதை விறாந்தையும் மண்டபமும் ஒரு மட்டம், படுக்கையறைகள் நான்கு படி மேலே இன்னொரு மட்டம் என்று பிரித்துக்கொள்ளலாம். முதியவர்களுடைய அறையும், தொழுகைக்கோ பூசைக்கோ உரிய இடமும், குளியலறை ஒன்றும் வாசலின் மட்டத்திலேயே இருக்கட்டும். 70 வயதிலே இரவு எழுந்து படி தேடுகிற உம்மம்மாவையும் அம்மம்மாவையும் நினைத்துச் சொல்கிறேன். குசினியைப் பின்னாலே மேல்மட்டத்துக்கு ஏற்றிவிட்டுச் சாப்பாட்டை முன்னாலே கீழ்மட்டத்திலே வைக்கிற அறியாமையை மாத்திரம் செய்யாதீர்கள். சோற்றுச் சட்டியோடு படி இறங்குவது யார் என்று வரைகிற ஆண்பிள்ளைகள் எண்ணுவதில்லை. பெண்பிள்ளைகள் மூவரானால் இந்த நெடுக்குப் பங்கீடு செல்லாது. 26 அடிக் கீற்றிலே காற்றும் வெளிச்சமுமுள்ள வீடு வராது. அங்கே குறுக்கே பங்கிட்டு, மூன்று பங்குக்கும் பொதுவாக ஒரு பக்கத்தெல்லை நெடுகக் கானும் பாதையும் சேர்த்து விட்டு, கிணறுகளை உச்சிப் பங்கிலே ஒன்றாக்கிக் குழாய் இறக்குவதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இவ்வொழுங்கு வாய்ப்பேச்சாக இருந்தால் இரண்டாந் தலைமுறையிலே நிலையாது. நில அளவையாளர் தருகிற படத்திலே எல்லையும் பரப்பும் இருக்கும், உயரம் இராது. கேட்டால் சமவுயரக் கோடுகளும் போட்டுத் தருவார். அதற்குரிய மேலதிகக் கூலி, பிழையாகக் கொட்டுகிற மண்ணின் விலைக்கு எம்மட்டு? சீதன உறுதி எழுதும்போது பொதுக் கானின் அகலமும் போக்கும், அதைத் துப்புரவாக வைத்திருக்கும் பொறுப்பும், இரு பங்காளரும் அதை அடைக்கலாகாது என்பதும் அவ்வுறுதியிலேயே எழுதப்பட வேண்டும்; நொத்தாரிசுமார் இதை மறுப்பதில்லை, நாமாகச் சொன்னால்தான் எழுதுவார்கள். சொல்லுகிறதைக் கல்யாணப் பேச்சுத் தொடங்குவதற்கு முன்னரே சொல்லி எழுதுவித்துவிடுங்கள். மாப்பிள்ளை வீட்டார் வளவு பார்க்க வந்து நிற்கிற அன்றைக்குத் தகப்பனார் கானைப் பற்றியும் குழியைப் பற்றியும் வாயெடுப்பாரானால், சீதனத்தைக் குறைக்கப் பார்க்கிறார் என்றே அவர்கள் விளங்கிக்கொள்வார்கள்.